விண்வெளிப் படங்களின் நிறம் உண்மையா? மூலத் தரவிலிருந்து நாமே உருவாக்குவது எப்படி?

கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. ஹப்பிள், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிகள் அனுப்பும் படங்களில் உள்ள நிறங்கள் நிஜமானவையா, யாரோ கணினி முன் உட்கார்ந்து பூசியவையா என்பது ஒன்று. அந்தப் படங்களின் மூலத் தரவு எல்லோருக்கும் கிடைக்குமா, வீட்டுக் கணினியில் நாமே அவற்றை உருவாக்க முடியுமா என்பது மற்றொன்று.

முதலாவதற்குச் சுருக்கமான பதில்: நிறம் பூசியதுதான்; ஆனால் இட்டுக்கட்டியது இல்லை. ஒவ்வொரு நிறத்துக்குப் பின்னாலும் ஓர் அளவீடு இருக்கிறது. உண்மையில் இந்தப் படங்களில் அதிகம் மாற்றப்படுவது நிறமே அல்ல, வெளிச்சம். நிறத்தைப் பற்றி ஆளாளுக்குச் சண்டை போடுகிறார்கள். வெளிச்சத்தை எவ்வளவு தூக்கியிருக்கிறார்கள் என்று கேட்பவர் அரிது. அதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில்: கிடைக்கும், முடியும், காசு செலவில்லை.

சென்சாரிலிருந்து தொடங்குவோம். கைபேசி கேமராவின் சென்சாருக்கே நிறம் தெரியாது. ஒவ்வொரு பிக்சலும் தன் மேல் விழுந்த ஒளியை எண்ணுவதோடு சரி. அதன் மேல் நுணுக்கமான வடிகட்டிகளை ஒட்டியிருப்பார்கள்: நான்கு பிக்சலில் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். ஒவ்வொரு பிக்சலிலும் விடுபட்ட இரண்டு நிறங்களை மென்பொருள் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. ஆக, நாம் எடுக்கும் செல்ஃபியும் ஒரு கணக்கீட்டின் விளைவுதான்.

விண்வெளித் தொலைநோக்கியில் இப்படி ஒட்டுவதில்லை. ஒட்டினால் ஒவ்வொரு நிறத்துக்கும் சென்சாரின் ஒரு பங்கு மட்டுமே வேலை செய்யும். அதோடு என்றென்றைக்கும் அந்த மூன்று நிறங்களோடு கட்டுப்பட்டுவிடுவோம். அதனால் சென்சாரை வெறுமையாக விட்டுவிட்டு, அதன் முன்னால் முழு அளவு வடிகட்டிகளை ஒன்று மாற்றி ஒன்று கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். 2009 மே மாதம் விண்வெளி வீரர்கள் ஹப்பிளில் பொருத்திய டபிள்யூஎஃப்சி3 கேமராவின் புற ஊதா, கட்புல ஒளிப் பிரிவில் மட்டும் 60-க்கும் மேற்பட்ட வடிகட்டிகள் உண்டு. ஒவ்வொன்றின் வழியாகவும் வருவது ஒரு கருப்பு வெள்ளைப் படம். மூன்றோ நான்கோ ஆறோ கருப்பு வெள்ளைப் படங்களை அடுக்கி ஒரு வண்ணப் படம் செய்கிறார்கள்.

இதைக் கண்ணாலேயே பார்க்க வேண்டுமானால், டிஸ்கவர் செயற்கைக்கோளின் எபிக் கேமரா 2015 ஜூலை 16 அன்று எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து, பூமியின் முன்னால் நிலவு கடந்து போவதை அது எடுத்தது. நிலவின் வலது விளிம்பில் மெல்லிய பச்சைக் கீற்று ஒன்று தெரியும். இடது விளிம்பில் சிவப்பும் நீலமும் லேசாகப் பிசிறியிருக்கும். சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளுக்கான படங்கள் சுமார் 30 விநாடி இடைவெளியில் தனித்தனியே எடுக்கப்பட்டன. அதற்குள் நிலவு நகர்ந்துவிட்டது. பூமியை ஒழுங்காகப் பொருத்தியபோது நிலவு பொருந்தாமல் போனது. அந்தக் கீற்றைப் பார்த்து "படம் போலி" என்று சொன்னவர்கள் உண்டு. உண்மையில் படம் எப்படி உருவாகிறது என்பதை அது பச்சையாகக் காட்டிக்கொடுக்கிறது.

இனி நிறம். "நிறம் உண்மையா" என்ற ஒரே கேள்விக்குள் மூன்று நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, அகன்ற வடிகட்டிகளால் கட்புல ஒளியில் எடுத்து, சிவப்பைச் சிவப்பாகவும் நீலத்தை நீலமாகவும் வைப்பது. பல விண்மீன் மண்டலப் படங்கள் ஏறக்குறைய இந்த வகை. இதில் சொல்ல அதிகம் இல்லை.

இரண்டாவதுதான் சுவாரசியமானது. 1995 ஏப்ரல் 1 அன்று ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் ஹப்பிளைக் கொண்டு எடுத்த 'படைப்பின் தூண்கள்' படம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எம்16 எனப்படும் கழுகு நெபுலா என்ற வாயு, தூசு முகிலின் நடுவில், சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் வாயுத் தூண்கள். அந்தப் படத்துக்குப் பயன்பட்டவை மூன்று குறுகிய வடிகட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு தனிமத்தின் ஒளிக்கோட்டை மட்டும் உள்ளே விடும்: ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர், ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர், கந்தகத்தின் 671.6, 673.1 நானோமீட்டர் இரட்டைக் கோடுகள். ஹைட்ரஜனும் கந்தகமும் இரண்டுமே நம் கண்ணுக்கு ஆழ்சிவப்பு. உள்ளது உள்ளபடி காட்டினால் இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்து, படம் முழுக்கச் செம்மையாகிவிடும். எங்கே ஹைட்ரஜன், எங்கே கந்தகம் என்று யாராலும் சொல்ல முடியாது.

எனவே அலைநீளம் அதிகமான கந்தகத்துக்குச் சிவப்பு, நடுவில் உள்ள ஹைட்ரஜனுக்குப் பச்சை, குறைவான ஆக்சிஜனுக்கு நீலம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். வரிசை மாறவில்லை; இடைவெளிதான் விரிந்தது. இதனால் என்ன லாபம்? ஆக்சிஜன் அணுவிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பிடுங்கினால்தான் அந்த 500.7 கோடு வரும். இரண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்க 35 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. கந்தகத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 10.4 போதும். ஆகவே அந்தப் படத்தில் நீலம் எங்கே இருக்கிறதோ அங்கே இளம் விண்மீன்களின் கடுமையான புற ஊதாக் கதிர் தடையின்றிப் பாய்கிறது. தூண்களின் விளிம்பில் செம்மை படர்ந்த இடத்தில் அந்தக் கதிர் நீர்த்துப் போயிருக்கிறது. ஒரு பார்வையில் கதிரின் வலுவை வரைபடமாகப் படித்துவிடலாம். அலங்காரத்துக்குப் பூசிய நிறத்தில் இதைப் படிக்க முடியாது.

மூன்றாவது நிலைமை, கண்ணுக்கே தெரியாத ஒளி. ஜேம்ஸ் வெப்பின் நிர்கேம் கருவி 0.6 முதல் 5 மைக்ரான் வரையும், மிரி கருவி ஏறக்குறைய 5 முதல் 28 மைக்ரான் வரையும் பார்க்கின்றன. நம் கண் ஏறத்தாழ 0.75 மைக்ரானோடு நின்றுவிடுகிறது. இங்கே "உண்மை நிறம்" என்று ஒன்று இருக்கவே முடியாது. அலைநீளம் குறைந்ததை நீலமாகவும் கூடியதைச் சிவப்பாகவும் வைப்பது ஒரு நாகரிகமான உடன்பாடு, அவ்வளவே. 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான எம்87 கருந்துளைப் படத்துக்கு அதுகூட இல்லை. 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலை ஒன்றில் மட்டும் அளந்த செறிவு அது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே ஓர் எண்தான். அந்த எண்ணை ஆரஞ்சாகக் காட்டலாம் என்று முடிவு செய்தார்கள். பச்சையாகக் காட்டியிருந்தாலும் அறிவியல் ஒன்றும் கெட்டிருக்காது. பத்திரிகைகளின் முதல் பக்கத்தில்தான் எடுபட்டிருக்காது.

நிறத்தை இத்தோடு விடுவோம். வெளிச்சத்துக்கு வருவோம்.

சென்சார் தரும் எண்கள் நேர்கோட்டு அளவில் இருக்கும்: இரண்டு மடங்கு ஒளி விழுந்தால் இரண்டு மடங்கு எண். திரையில் காட்டுவதற்கோ ஒரு நிறத்துக்கு 0 முதல் 255 வரை 256 படிகள்தான். ஒரு படத்தில் பிரகாசமான விண்மீனின் மதிப்பு 10,000, நெபுலாவின் மதிப்பு 10, வெற்று வானத்தின் மதிப்பு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே நேராகக் குறுக்கினால் விண்மீன் 255, நெபுலா 0.26, வானம் 0.03. அதாவது நெபுலாவும் வானமும் இரண்டுமே சுழி. திரையில் கருப்புப் பின்னணியில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் மட்டும் தெரியும். மூலத் தரவை முதன்முதலாகத் திறப்பவர்கள் எல்லோரும் "கோப்பு கெட்டுப்போயிருக்கிறது" என்று நினைப்பது இதனால்தான்.

இப்போது அதே எண்களுக்கு மடக்கை (லாகரிதம், அதாவது பத்தின் எத்தனையாவது அடுக்கு என்பது) எடுங்கள். 10,000 என்பது 4, 10 என்பது 1, 1 என்பது 0. இதை 255-க்குப் பொருத்தினால் விண்மீன் 255, நெபுலா 64, வானம் 0. நெபுலா கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் என்ன நடந்தது என்று பாருங்கள்: நிஜத்தில் 1,000 மடங்கு இருந்த வித்தியாசம் படத்தில் நான்கு மடங்காகச் சுருங்கிவிட்டது. இதை 'ஸ்ட்ரெச்' என்பார்கள். நீங்கள் பார்த்த நெபுலாப் படங்கள் அத்தனையிலும் இது உண்டு. பொய் சொல்வதற்காகச் செய்வதல்ல. செய்யாவிட்டால் பார்க்க ஒன்றுமே இருக்காது. ஆனாலும், கந்தகத்தைச் சிவப்பாக்கியதைவிட இது பல மடங்கு பெரிய மாற்றம். பட விளக்கங்களில் நிறத்தைப் பற்றி ஒரு பத்தியே எழுதுவார்கள். இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

"விண்கலத்தில் ஏறிப் பக்கத்தில் போனால் அப்படித் தெரியுமா" என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. தெரியாது. ஒரு நெபுலாவை நோக்கிப் பாதித் தொலைவு போனால், அதிலிருந்து நம் கண்ணுக்கு வரும் ஒளி நான்கு மடங்காகும். ஆனால் அது வானில் அடைத்துக்கொள்ளும் பரப்பும் நான்கு மடங்காகிவிடும். ஒரு சதுர பாகைக்கு எவ்வளவு ஒளி என்று பார்த்தால் அதே அளவுதான். பெரிதாகும், பிரகாசமாகாது. தொலைநோக்கியின் கண்வில்லை வழியே பார்த்தாலும் இதே விதி: வெறுங்கண்ணுக்குத் தெரியும் பரப்பொளிர்வைவிட அதிகமாக எந்தத் தொலைநோக்கியாலும் காட்ட முடியாது. மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் விழித்திரைக் குச்சி செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. சிவப்புக்கு அவை ஏறக்குறையக் குருடு. அதனால்தான் ஒரையன் நெபுலாவைத் தொலைநோக்கியில் பார்ப்பவர்களுக்குச் சாம்பலும் லேசான பச்சையும் கலந்த ஒரு புகை மட்டும் தெரிகிறது. அதன் அடர்த்தியான பகுதியில்கூட ஒரு கன சென்டிமீட்டரில் சில ஆயிரம் துகள்களே. நாம் சுவாசிக்கும் காற்றில் அதே இடத்தில் 25 என்று எழுதி 18 சுழிகள் போட்டால் வரும் எண்ணிக்கை. உள்ளேயே போய் நின்றாலும் சுற்றிலும் வாயு இருப்பதே தெரியாது.

கோள்களின் கதை வேறு. அவை சூரிய ஒளியில் நனைந்து கிடப்பதால் கண்ணுக்குத் தெரியும் நிறத்தை ஓரளவு நியாயமாகக் காட்டலாம். அங்கேயும் சறுக்கல் நடக்கும். 1989 ஆகஸ்டில் வாயேஜர் 2 நெப்டியூனைக் கடந்தபோது, அதன் மேகங்களும் பட்டைகளும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று மாறுபாட்டைக் கூட்டிய படங்களை வெளியிட்டார்கள். நீலம் தூக்கலாகிவிட்டது. கூட்டியிருக்கிறோம் என்று அப்போதே சொல்லியிருந்தும், படம் கைமாறக் கைமாற அந்தக் குறிப்பு உதிர்ந்துபோய், நெப்டியூன் என்றால் கருநீலம் என்று பாடப் புத்தகம் வரை நிலைத்துவிட்டது. 2024 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டின் பேட்ரிக் இர்வின் குழு ஹப்பிள் தரவையும் தரைத் தொலைநோக்கித் தரவையும் கொண்டு நிறத்தைத் திரும்பக் கணக்கிட்டது. நெப்டியூனும் யுரேனஸும் கிட்டத்தட்ட ஒரே வெளிர் பச்சை நீலம்; நெப்டியூனில் நீலம் ஒரு சாயல் அதிகம், அவ்வளவுதான். செவ்வாயில் 1976 ஜூலையில் வைகிங் 1 அனுப்பிய முதல் வண்ணப் படம் அவசரத்தில் நீல வானத்தோடு வெளியாகி, பிறகு திருத்தப்பட்டது. இப்போது அங்கே போகும் ஊர்திகளில் நிறம் முன்பே தெரிந்த சிறு துண்டுகள் பதித்த பலகை ஒன்றைக் கேமராவின் பார்வையில் படும்படி பொருத்தி அனுப்புகிறார்கள். அதைப் படமெடுத்து ஒப்பிட்டு நிறத்தைச் சரிசெய்யலாம்.

படம் ஒன்று கைக்கு வந்தால் அதன் கீழே உள்ள வடிகட்டிப் பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 'எஃப்' என்பது வடிகட்டி. கடைசி எழுத்து அகலம்: 'டபிள்யூ' அகன்றது, 'எம்' நடுத்தரம், 'என்' குறுகியது. நடுவில் உள்ள எண்ணில்தான் பொடி வைத்திருக்கிறார்கள். ஹப்பிளின் கட்புலக் கேமராக்களில் அது நானோமீட்டர்: எஃப்502என் என்றால் 502 நானோமீட்டர். அதே ஹப்பிளின் அகச்சிவப்புப் பிரிவில் எஃப்160டபிள்யூ என்றால் 160 நானோமீட்டர் இல்லை, 1.60 மைக்ரான், அதாவது 1,600 நானோமீட்டர். ஆனால் எஃப்225டபிள்யூ நிஜமாகவே 225 நானோமீட்டர் புற ஊதா. இதைக் கவனிக்காமல் வரிசைப்படுத்தினால் சிவப்புக்குப் போக வேண்டியது நீலத்துக்குப் போய்விடும். வெப்பில் குழப்பமில்லை, எண்ணை நூறால் வகுத்தால் மைக்ரான். எஃப்090டபிள்யூ 0.9 மைக்ரான், எஃப்444டபிள்யூ 4.44, மிரியின் எஃப்1130டபிள்யூ 11.3.

சரி, செய்துபார்ப்போம். ஹப்பிள், வெப் இரண்டின் தரவும் மாஸ்ட் எனப்படும் மிகுல்ஸ்கி காப்பகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் அதை நடத்துகிறது. யாரும் இலவசமாகப் பதிவிறக்கலாம். புதிய அவதானிப்புகளை மட்டும், அதைக் கேட்டு வாங்கிய ஆய்வாளர்களுக்காகக் குறிப்பிட்ட காலம், பெரும்பாலும் ஓராண்டுக்குள், பூட்டி வைத்திருப்பார்கள்.

முதல் முயற்சிக்குத் தூண்கள் வேண்டாம். பல படங்களைக் கோத்துத் தைக்க வேண்டியிருக்கும். வளைய நெபுலாவான எம்57 நல்ல தேர்வு. அதன் பிரகாசமான வளையம் ஒன்றரை வில்நிமிடத்துக்குள் (ஒரு வில்நிமிடம் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அடங்கிவிடும். டபிள்யூஎஃப்சி3 கேமராவின் சட்டம் சுமார் 2.7 வில்நிமிடம். ஒரே சட்டத்தில் சுற்றிலும் இடம் விட்டு உட்காரும். தேடலில் ஹப்பிள், டபிள்யூஎஃப்சி3, கட்புலப் பிரிவு என்று குறுக்கி, எஃப்469என், எஃப்502என், எஃப்658என் ஆகிய மூன்றையும் எடுங்கள். முறையே ஹீலியம், ஆக்சிஜன், நைட்ரஜன். இந்த மூன்றின் நிஜ நிறங்களே நீலம், நீலப்பச்சை, சிவப்பு என்பதால், நிறம் பற்றிய குற்ற உணர்ச்சி இல்லாமல் அப்படியே அடுக்கலாம்.

ஒவ்வொரு அவதானிப்பிலும் ஒரு டஜன் கோப்புகள் வரும். உங்களுக்குத் தேவை பெயரின் முடிவில் 'டிஆர்சி' என்று இருப்பது மட்டும். சென்சாரின் அடிப்படை இரைச்சல், இருள் மின்னோட்டம், பிக்சலுக்குப் பிக்சல் மாறும் உணர்திறன் எல்லாம் திருத்தி, ஒளியியல் அமைப்பால் வந்த வளைவை நிமிர்த்தி, பல எக்ஸ்போஷர்களை ஒன்றாக்கிய கோப்பு அது. 'ரா' என்று முடிவதைத் தொடாதீர்கள். பெயரைப் பார்த்து அதுதான் தூய்மையானது என்று நினைத்து இறக்குபவர்கள் இரண்டு நாள் திண்டாடுகிறார்கள். ஒரு டிஆர்சி கோப்பு சுமார் 200 எம்பி இருக்கும். அதற்குள் மூன்று அடுக்குகள். 'எஸ்சிஐ' என்ற அடுக்கில்தான் படம் இருக்கிறது. மற்றவை, ஒவ்வொரு பிக்சலுக்கும் எந்தெந்த எக்ஸ்போஷர் எவ்வளவு பங்களித்தது என்ற கணக்கு.

இந்தக் கோப்புகள் வானியலாளர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ் என்ற வடிவத்தில் இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் ஃபிட்ஸ் லிபரேட்டர் மென்பொருளில் ஒவ்வொன்றாகத் திறந்து, ஸ்ட்ரெச் வகையில் மடக்கையையோ ஆர்க்சின்ஹெச்சையோ தேர்ந்தெடுங்கள். ஆர்க்சின்ஹெச் மங்கலான பகுதியில் நேர்கோடாகவும் பிரகாசமான பகுதியில் மடக்கையாகவும் நடந்துகொள்ளும். வானத்தின் மதிப்பு சுழியை ஒட்டியும் சில இடங்களில் அதற்குக் கீழேயும் போவதால் மடக்கை திணறும் இடத்தில் இது திணறாது. தொடங்குபவருக்கு இதுவே போதும். பிறகு ஹிஸ்டோகிராமில் (எந்த வெளிச்சத்தில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம்) கருப்பு எல்லையை வானத்தின் மேட்டுக்குச் சற்று இடப்பக்கம் வையுங்கள். மேட்டின் உச்சியிலேயே வைத்தால் வானத்தில் பாதிப் பிக்சல்கள் வெட்டுப்பட்டு, நெபுலாவைச் சுற்றியுள்ள மெல்லிய ஒளிவட்டம் போய்விடும். ஒரு முறை போனால் பின்னால் எந்த மென்பொருளாலும் திரும்பாது. வெள்ளை எல்லையை, விண்மீன்களின் மையம் மட்டும் வெளுக்கும்படி வையுங்கள். 16 பிட் டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். 8 பிட்டில் சேமித்தால் அடுத்த கட்டத்தில் வெளிச்சத்தைச் சரிசெய்ய 'கர்வ்' கோட்டை இழுக்கும்போது வானம் படிப்படியாகப் பட்டை கட்டும்.

மூன்று டிஃப் கோப்புகளையும் ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் திறந்து, நிறங்கள் மெனுவில் கூறுகள் பகுதியில் இருக்கும் 'கம்போஸ்' மூலம் 658-ஐச் சிவப்புக்கும் 502-ஐப் பச்சைக்கும் 469-ஐ நீலத்துக்கும் கொடுங்கள். மூன்றும் ஒரே நீள அகலத்தில் இருந்தால்தான் இது வேலை செய்யும். வெவ்வேறு நாளில் எடுத்ததானால் சுழற்சியும் மாறியிருக்கலாம். அப்போது சிரில் என்ற இலவச மென்பொருளில் கொடுத்தால் விண்மீன்களை அடையாளம் பார்த்துத் தானே பொருத்தும். எல்லாம் சரியாக நடந்தால் உள்ளே நீலம், அதைச் சுற்றிப் பச்சை, வெளி விளிம்பில் சிவப்பு வர வேண்டும். உள்ளே சிவப்பு வந்தால் நீலச் சேனலும் சிவப்புச் சேனலும் இடம் மாறியிருக்கின்றன. மூன்றுக்கு மேற்பட்ட வடிகட்டி இருந்தால் 'கம்போஸ்' உதவாது. ஒவ்வொன்றையும் தனி அடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து, 'ஸ்கிரீன்' முறையில் கலக்க வேண்டும்.

அதன் பிறகு வானத்தை நடுநிலையாக்குங்கள். வெற்று வானத்தில் மூன்று நிறங்களின் மதிப்பும் சமமாக, 255-இல் 15 முதல் 25-க்குள் இருக்கட்டும். வானத்தைச் சுத்தமாகச் சுழியாக்குவது பெரும்பாலோர் செய்யும் பிழை. திரையில் அழகாகத் தெரியும். மங்கலான வெளிப்பகுதி கத்தரித்தது போல் நின்றுவிடும்.

இனி, என்னென்ன கெடும் என்று பார்ப்போம்.

வானமெங்கும் சிவப்பு, பச்சை, நீலத் துணுக்குகள் தூவியது போல் தெரிந்தால் அவை காஸ்மிக் கதிர்கள். விண்வெளியில் சென்சாரை நேராகத் தாக்கும் துகள்கள் அவை. ஒரே இடத்தைப் பல முறை எடுத்தால், ஒரு படத்தில் மட்டும் இருப்பதை மென்பொருள் தூக்கி எறிந்துவிடும். ஒரு வடிகட்டிக்கு ஒரே எக்ஸ்போஷர்தான் என்றால் எறிய வழியில்லை. அந்த வடிகட்டியின் நிறத்திலேயே துணுக்குகள் தங்கிவிடும். துணுக்குகள் எல்லாம் படத்தின் குறுக்கே ஒரு கோட்டில் மட்டும் கூடியிருந்தால் காரணம் வேறு. டபிள்யூஎஃப்சி3-இல் இரண்டு சென்சார்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன; நடுவே சுமார் 35 பிக்சல் அகல இடைவெளி. தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்தி நகர்த்தி எடுத்து இந்த இடைவெளியை நிரப்புவார்கள். அந்தப் பட்டையில் மட்டும் எக்ஸ்போஷர் எண்ணிக்கை குறைவு என்பதால் கதிர்த் தடங்கள் அங்கே அகலாமல் நிற்கின்றன. ஹீலிங் கருவியால் துடைக்கலாம், பாதகமில்லை. ஆனால் உண்மையான சிறு விண்மீன்களையும் சேர்த்துத் துடைத்துவிடாதீர்கள்: விண்மீன் மூன்று வடிகட்டியிலும் இருக்கும், கதிர்த் தடம் ஒன்றில் மட்டும்.

கந்தகம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் கலவையை முயல்பவர்களுக்குப் படம் முழுக்கப் பச்சையாக வரும். ஹைட்ரஜன் கோடு மற்ற இரண்டையும்விட வலுவாக இருப்பதே காரணம். பச்சையை இறக்கினால் நெபுலா பொன்னிறமும் நீலமுமாக மாறும். கூடவே விண்மீன்கள் எல்லாம் மெஜந்தா ஆகும். விண்மீன் எல்லா அலைநீளத்திலும் ஒளி தருவது. அதிலிருந்து பச்சையை மட்டும் கழித்தால் மிச்சம் மெஜந்தாதான். இதற்கு ஒழுங்கான வழி, விண்மீன்களுக்கு மட்டும் ஒரு முகமூடி செய்து அங்கே நிறச்செறிவைக் குறைப்பது.

ஹப்பிளில் எடுத்த பிரகாசமான விண்மீனிலிருந்து செங்குத்தாகக் கோடு வழிந்தால், பிக்சல் நிரம்பி மின்னூட்டம் பக்கத்துப் பிக்சலுக்குக் கொட்டியிருக்கிறது என்று பொருள். நான்கு முனை நட்சத்திரக் கீற்று அப்படியல்ல. துணைக் கண்ணாடியைத் தாங்கும் சிலுவைக் கம்பிகளில் ஒளி விளிம்பு வளைந்து வருவது. அதை அழிக்க வேண்டாம். வெப்பில் அறுகோணக் கண்ணாடித் துண்டுகளால் ஆறு பெரிய கீற்றும், தாங்கு கம்பியால் குறுக்கே இரண்டு சிறிய கீற்றும் வரும். கீற்றை எண்ணியே எந்தத் தொலைநோக்கி என்று சொல்லிவிடலாம். வெப் படம் என்று சொல்லிச் சுற்றி வரும் ஒன்றில் நான்கு கீற்று இருந்தால், சொல்பவரிடம் மூலம் கேளுங்கள்.

வெப் தரவில் இறங்கும்போது கோப்புப் பெயர் 'ஐ2டி' என்று முடிய வேண்டும். இங்கே புதிதாக மூன்று தொல்லைகள். பிரகாசமான விண்மீன்களின் நடுவில் கருப்பு ஓட்டை இருக்கும். பிக்சல் நிரம்பி அளவீடு செல்லாமல் போனதால் மென்பொருள் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறது. வெள்ளையால் நிரப்பிக்கொள்ளலாம். இரண்டாவது, மின்னணுச் சுற்றின் இரைச்சலால் படத்தின் குறுக்கே மெல்லிய வரிகள் ஓடும். மங்கலான பொருளை அதிகம் தூக்கினால் நெபுலாவின் இழை என்று நினைத்து அந்த வரிகளையே கூர்மையாக்கிவிடுவோம். மூன்றாவது, நிர்கேமின் குறுகிய அலைப் பிரிவில் ஒரு பிக்சல் 0.031 வில்விநாடி, நீண்ட அலைப் பிரிவில் 0.063. இரண்டையும் கலக்க வேண்டுமானால் ஒன்றை ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பொருத்த வேண்டும். அந்தத் தலைவலி வேண்டாம் என்றால், முதல் வெப் படத்தை எஃப்277டபிள்யூ, எஃப்356டபிள்யூ, எஃப்444டபிள்யூ மூன்றை மட்டும் கொண்டு செய்யுங்கள். மூன்றும் நீண்ட அலைப் பிரிவு.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கூர்மையாக்கும், பெரிதாக்கும் கருவிகளை இந்தத் தரவின் மேல் ஏவாதீர்கள். இரைச்சலின் மேல் அவை இழைகளையும் முடிச்சுகளையும் வரைந்துவிடும். பார்க்கத் தத்ரூபமாக இருக்கும். வானத்தில் அப்படி ஒன்று இருக்காது. நிறம் கொடுப்பதும் வெளிச்சத்தைத் தூக்குவதும் இருக்கும் எண்ணை வேறு விதமாகக் காட்டுவது. இது இல்லாத எண்ணைச் சேர்ப்பது. மற்ற விஷயங்களில் எவ்வளவு வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம், இதில் கூடாது.

படத்தை வெளியிடும்போது பொருளின் பெயர், தொலைநோக்கி, கருவி, எந்த வடிகட்டிக்கு எந்த நிறம், எந்த ஸ்ட்ரெச் என்பதை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹப்பிள், வெப் தளங்களில் உள்ள தயார் படங்களை எடுத்துப் போடுவதானால் உரிய நன்றிக் குறிப்பு கட்டாயம். அவை ஆக்கியவரைக் குறிப்பிடச் சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் 'அட்ரிபியூஷன்' உரிமத்தில் வருகின்றன.

நெபுலாக்கள் அலுத்துவிட்டால் ஜூனோ விண்கலத்தின் ஜூனோகேம் இருக்கிறது. 2016 ஜூலையிலிருந்து வியாழனைச் சுற்றும் அந்தக் கலத்தின் மூலப் படங்களைப் பொதுமக்கள் செயலாக்கட்டும் என்றே வெளியிடுகிறார்கள். ஆனால் அது வேறு வேலை. கலம் நிமிடத்துக்குச் சுமார் இரண்டு முறை சுழன்றுகொண்டே எடுப்பதால், படம் 128 பிக்சல் உயரப் பட்டைகளாக, நிறம் நிறமாகப் பிரிந்து வரும். ஒவ்வொரு பட்டைக்கும் கலம் எந்தப் பக்கம் பார்த்தது என்று கணக்கிட்டுக் கோளத்தின் மேல் ஒட்ட வேண்டும். ஜிம்ப்பும் பொறுமையும் மட்டும் அதற்குப் போதாது. கொஞ்சம் நிரல் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும்.